கதிரவேலர் தூக்காத கை

கதிரவேலரைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதை உண்டு. ஒன்று அவரைச் சாமியாக்கிய கதை. மற்றது அவரைக் கொலைகாரராக்கிய கதை. இரண்டையும் வாய் ஓயாமல் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் எனக்குக் கயிறும் தாரும் பாய்ச்சீலையும் விற்கிற கடை. கப்பல்காரர்கள் கயிறு வாங்க வருவார்கள், வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். ஊர்க்கதை முழுவதும் என் கடை வாசலில்தான் அவியும்.

கதிரவேலருக்கு இரண்டு பாய்க்கப்பல்கள் இருந்தன. பெரியது 'வேதநாயகி', சின்னது 'சிவகாமி'. புகையிலையும் பனங்கட்டியும் ஏற்றிக்கொண்டு நாகபட்டினமோ காரைக்காலோ போகும். அரிசியும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு திரும்பும். அவர் பிறக்கும்போதே முதலாளியாகப் பிறந்தவரல்லர். கப்பலில் உலை வைத்தவர், பாய் இழுத்தவர், பிறகு தண்டையலாகக் கப்பல் ஓட்டியவர். முதலாளியான இருபத்தேழு வருடத்தில் ஒரு கப்பலையோ ஒரு ஆளையோ அவர் கடலுக்குக் கொடுத்ததில்லை. எங்கள் கரையில் வேறு எந்த முதலாளிக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள வாயில்லை.

அவருடைய கப்பல்களில் ஒரு வழக்கம் இருந்தது. நங்கூரம் எடுக்கிற அன்று காலை தண்டையல் அவரிடம் வந்து, "போகட்டோ முதலாளி?" என்று கேட்கவேண்டும். கதிரவேலர் கடற்கரைக் கந்தசாமி கோயிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். வெளியே வந்து, "போட்டு வா" என்பார். அல்லது, "இண்டைக்கு வேண்டாம்" என்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வெயில் எறித்தாலும் கப்பல் கிடக்கும். இரண்டு நாளில் எங்கேயோ காற்று அடித்து வேறு யாருடைய பாயோ கிழிந்து வரும். ஊர் மூக்கில் விரலை வைக்கும்.

ஆனால் நான் விடியமுன் கடை திறக்கிறவன். கோயிலுக்குப் போகமுதல் அவர் செய்கிறதையும் கண்டிருக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார். மூக்கைத் தூக்கிக் காற்றை இழுப்பார். நண்டு வளைகளைக் குனிந்து பார்ப்பார். வலை இழுத்து வருகிறவர்களிடம், எந்த மீன் எவ்வளவு தூரத்தில் பட்டது என்று ஒவ்வொருவராய் விசாரிப்பார். அதற்கு ஒரு மணித்தியாலம். கோயிலுக்குள் நிற்பது ஐந்து நிமிடம்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "முதலாளி, உது முருகன் சொல்லுறதோ, உங்கடை மூக்குச் சொல்லுறதோ?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் சொன்னால் தண்டையல் ஏரம்பு என்னோடை சண்டைக்கு வருவான். முருகன் சொன்னாரெண்டால் பேசாமல் வீட்டை போய்ப் படுப்பான்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எண்டாலும் பகிடியில்லை. மூக்கைத் தந்தவரும் அவர்தானே. என்ரை ஆசையையும் அவசரத்தையும் கழட்டி வைக்கத்தான் நான் உள்ளுக்குப் போறனான். அதுகளைக் கழட்டினால் மூக்குச் சொன்னது வடிவாய்க் கேக்கும்."

அந்த மனிதன் அப்படியே இருந்திருக்கலாம். நாங்கள்தான் விடவில்லை. அவர் கோயில் வீதியால் போனால் எழுந்து நின்றோம். பிள்ளைகளுக்கு அவர் கையால் திருநீறு பூசுவித்தோம். பருத்தித்துறைப் புகையிலை வியாபாரி சிமியோன், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற வேதக்காரர், அவரே என் கடையில் வந்து, "உங்கடை கதிரவேலருக்கு உள்ளுக்குள்ளை ஒரு வெளிச்சம் எரியுது" என்று சொன்னார். நானும் அதைக் கயிற்றோடு சேர்த்துப் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கொடுத்தேன். வருடம் போகப் போக, கதிரவேலர் தண்ணீரில் நிற்கிற நேரம் குறைந்தது, கோயிலில் நிற்கிற நேரம் கூடியது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் கோயில் மண்டபத்திலேயே தங்கி மௌன விரதம் பிடிக்கப்போவதாக அவர் சொன்னார். பேச்சில்லை, எழுத்தில்லை, கையாலோ கண்ணாலோ சாடைகூடக் காட்டுவதில்லை. பின்னேரம் ஒரு மிடறு பால். அவ்வளவுதான். எங்கள் ஊரில் அப்படி ஒரு விரதம் அதற்குமுன் யாரும் பிடித்ததில்லை. நானும் சஷ்டி பிடிக்கிறவன். ஆனால் என்னுடையது பழமும் பாலும் தின்று கொட்டாவி விடுகிற விரதம். அவருக்கு எதிரே ஒரு தூணடியில் பாய் போட்டுக்கொண்டேன். முதல் நாள் ஒரு ஈ வந்து அவர் இமையில் இருந்தது. அவர் கையசைக்கவில்லை. "பாத்தியளே, பாத்தியளே" என்று பக்கத்திலிருந்தவனை இடித்துக் காட்டினேன். இரண்டாம் நாளே அயலூர்ச் சனம் பார்க்க வரத்தொடங்கியது.

மூன்றாம் நாள் விடியற்காலை விரதக்காரர் எல்லாரும் கடலில் குளிக்க இறங்கினோம். காற்று ஒரு துளியும் இல்லை. கோயில் கொடிச்சீலை செத்துக் கிடந்தது. ஆனால் கடல் வடகிழக்கிலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்து வந்து, எங்களைத் தூக்கி இறக்கிவிட்டு, கனநேரம் பொறுத்து மறுபடியும் உயர்ந்தது. ஐப்பசித் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. நண்டுகள் வளையை விட்டு அடம்பன்கொடி வரைக்கும் ஏறி வந்து நின்றன. இடுப்பளவு தண்ணீரில் கதிரவேலர் அப்படியே நின்றுவிட்டார். வடகிழக்கே திரும்பி மூக்கைத் தூக்கினார். ஒருதரம் இழுத்தார், இன்னொருதரம் இழுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கயிறு விற்கிற எனக்கே அதில் என்னவோ தெரிந்தது. அவர் தலையில் தண்ணீரை வார்த்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

தலை துவட்டிக்கொண்டு கடையை எட்டிப் பார்க்கப் போனேன். வாசலில் அவர் தம்பி தம்பிஐயாவும் 'வேதநாயகி'யின் தண்டையல் ஏரம்புவும் நின்றார்கள். கணக்குவழக்கு, ஏற்றுமதி எல்லாம் தம்பிஐயா பொறுப்பு. நல்ல மனிசன், ஆனால் கடலில் கால் நனைக்காதவன். கப்பலில் புகையிலைச் சிப்பம் ஏற்றி முடிந்திருந்தது. ஏரம்பு புது வடம் ஒன்றைக் கையில் பிடித்து முறுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"முதலாளியின்ரை சொல்லில்லாமல் நான் நங்கூரம் எடுக்கமாட்டன்."

"அண்ணை ஆறு நாளைக்கு வாய் திறந்து பறையார் எண்டு தெரியுந்தானே உனக்கு? நாலு நாள் பொறுத்தால் வாடை பிடிச்சிடும். பிறகு தை பிறக்குமட்டும் கப்பல் கரையிலை. நாகபட்டினத்திலை அரிசிக்காரன் வழி பாத்துக்கொண்டு நிக்கிறான். இது கடைசி ஓட்டம், ஏரம்பு."

"கடல் எனக்குப் பிடிக்கேல்லை."

"காத்தே இல்லை. என்னத்தைப் பிடிக்கேல்லை?"

"காத்தில்லாமல் கடல் ஏன் உப்பிடி மூசி எழும்புது எண்டுதான் கேக்கிறன். ஒண்டு ரண்டுதரம் இப்பிடி நிண்டு, ஒண்டும் வராமல் போனதும் இருக்கு. வந்ததும் இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அவருக்குத் தெரியும். நான் போய்க் கேக்கிறன்."

"அவர் வாய் திறவார் எண்டுறன்."

"திறக்க வேண்டாம். கேக்கிற மாதிரிக் கேக்கிறன்."

நானும் பின்னாலேயே போனேன். எனக்குப் பார்க்கவேண்டும். கொடியேறிய கோயில்போல மண்டபம் நிறைந்திருந்தது. நாற்பது ஐம்பது பேர் இருக்கும். ஏரம்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கதிரவேலருக்கு முன்னால் போய்க் குந்தினான்.

"முதலாளி, விரதத்தைக் குழப்பிறனெண்டு கோவிக்காதையுங்கோ. 'வேதநாயகி' ஏத்தி முடிஞ்சுது. சின்னமுதலாளி போகச் சொல்லுறார். எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்கள் பேசவேண்டாம். போகக் கூடாதெண்டால் கையை மட்டும் எப்பன் தூக்குங்கோ. விளங்கிக்கொள்ளுவன். பேசாமல் இருந்தியளெண்டால், போகலாமெண்டு எடுத்துக்கொண்டு போறன்."

கதிரவேலரின் வலக்கை முழங்காலில் கிடந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன்: அது எழும்பிவிடக் கூடாது என்று நான் விரும்பினேன். மூன்று நாளாய் ஊரெல்லாம் சொல்லி வைத்த விரதம். ஒரு தண்டையல் வந்து கேட்டவுடன் உடைந்துபோனால் என்ன மரியாதை? என்னைப்போல்தான் மற்றவர்களும் நினைத்திருப்பார்கள். கதிரவேலர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஏரம்பு அந்தக் கையை இன்னொருதரம் பார்த்தான். "சரி முதலாளி, போட்டு வாறன்" என்று அவர் காலடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனான். "அப்பா, என்ன மனவுறுதி!" என்று யாரோ சொன்னார்கள். நான்தான் சொன்னேனோ தெரியாது.

மத்தியானம் பத்மாவதி அம்மா வந்தார், கதிரவேலரின் பெண்சாதி. வழக்கமாகப் பின்னேரம்தான் பால் கொண்டு வருவார். அன்று வெறுங்கையோடு, வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவருக்கும் செய்தி எட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, கண்ணைத் திறவுங்கோ. உவன் ஏரம்பு பாய் கட்டுறான். நீங்கள் விடியக் குளிச்சிட்டு வரேக்கை கரையிலை நிண்டு உங்கடை முகத்தைப் பாத்தனான். முப்பத்திரண்டு வருசமாய்ப் பாக்கிற முகம். போகக் கூடாதெண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

அவர் திறக்கவில்லை. பத்மாவதி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மா கோபித்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

"கண்டறியாத விரதம்! எட்டுப் பேர் போறாங்கள். எட்டு வீட்டிலையும் அடுப்பு எரிய வேண்டாமோ? முருகன் உங்களிட்டைக் கேட்டவரே, வாயைப் பொத்திக்கொண்டு இருவெண்டு? முருகனுக்காகவோ இருக்கிறியள், உவைக்காகவோ?" என்று எங்களைச் சுற்றிக் கைநீட்டிக் காட்டினார்.

கதிரவேலரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. பக்தியில் உருகுகிறார் என்று பின்னால் ஒரு கிழவர் சொன்னார்.

பத்மாவதி அம்மா அங்கே நிற்கவில்லை. நேரே கரைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். கப்பல்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், குரக்கன் பிட்டும் கருவாட்டுத் தீயலும். கடைசிச் சாப்பாடு என்று யாருக்குத் தெரியும்? ஏரம்பின் பெண்சாதி சின்னாச்சி வெற்றிலை சுற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"ஏரம்பு, அவர் வேண்டாமெண்டிட்டார். போகாதை" என்றார் பத்மாவதி அம்மா.

பொய்தான். அந்தக் கரையில் அன்று சொல்லப்பட்ட ஒரே நல்ல சொல் அந்தப் பொய். ஏரம்பு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். தம்பிஐயா குறுக்கே வந்தார்.

"மச்சாள், அண்ணை வாய் திறந்தவரே?"

"திறந்தவர்."

"விரதத்தை விட்டிட்டாரே? எத்தினை சனம் பாத்துக்கொண்டு நிக்குது. எங்கை, கேட்டவை ஆரும் இருக்கினமோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்மாவதி அம்மாவும் என்னைப் பார்த்தார். ஓம், நான் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "இல்லை, முதலாளி விரதம் விடேல்லை" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஏரம்பு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "பயப்பிடாதையுங்கோ அம்மா. கூடாதெண்டால் கையைத் தூக்கியிருப்பார். இருபத்தேழு வருசத்திலை அவர் எங்களைப் பிழையாய் அனுப்பினவரே?"

இரண்டு மணிக்கு 'வேதநாயகி' நங்கூரம் எடுத்தது. காற்றில்லாததால் வள்ளம் கட்டி இழுத்துத்தான் அதை வெளியே கொண்டுபோனார்கள். பொழுது படுகிற நேரத்தில் கிழக்கே கொஞ்சம் காற்று எழும்பிப் பாய் நிறைந்தது. சின்னாச்சி அது மறையும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நாலாம் நாள் வானம் செம்பு நிறமாயிற்று. ஐந்தாம் நாள் அடித்தது. அந்தக் காற்றை நான் வர்ணிக்கப்போவதில்லை. என் கடைக் கூரை போனது, கோயில் வீதி மருதமரம் போனது, கரையில் ஏற்றி வைத்த வள்ளங்கள் வீட்டு வளவுகளுக்குள் வந்து கிடந்தன. கதிரவேலர் மண்டபத்தில் அசையாமல் இருந்தார். இப்போது யாரும் வியக்கவில்லை. சாரல் அவர் மேல் அடித்தது. நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஒதுங்கினோம். ஆறாம் நாள் பின்னேரம் கொட்டுகிற மழைக்குள் சூரன்போர் நடந்தது. நனைந்த சூரனை நாலு பேர் காவிக்கொண்டு ஓடினார்கள். முருகன் வேல் விட்டார்.

ஏழாம் நாள் விடியப் பாறணை. ஆறு நாள் பட்டினி கிடந்தவர்கள் குளித்து, படைத்து, வயிறாரச் சாப்பிடுகிற நாள். பத்மாவதி அம்மா வழக்கத்தை விடாமல் எல்லாம் சமைத்திருந்தார். வாழைக்காய்க் கறி, பூசணிக்காய்க் கறி, அகத்திக்கீரை, பாற்சொதி. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கதிரவேலருக்கு இலை போட்டு, சோறு வைத்து, அவர் கையை நீட்டுகிற நேரம், வாசல் படலையடியில் ஆள் சத்தம் கேட்டது. மணற்காட்டுக் கரையிலிருந்து வந்த வலைகாரர் இரண்டு பேர். 'வேதநாயகி'யின் சுக்கான் அங்கே ஒதுங்கியிருக்கிறது. மூன்று பிணமும் ஒதுங்கியிருக்கிறது. ஒன்று ஏரம்பு.

பத்மாவதி அம்மா கையிலிருந்த சொதிச் சட்டியைக் கீழே வைத்தார். அழவில்லை. புருஷனைப் பார்த்து, "இப்ப பறையலாம். விரதம் முடிஞ்சுது" என்றார்.

கதிரவேலர் இலையை மடிக்காமல் எழுந்து, அந்த வேட்டியோடேயே நடந்தார். தம்பிஐயா பின்னால் ஓடினார். நானும் போனேன். சின்னாச்சி வீட்டு முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. பெண்டுகள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். கிழவர்மார் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: சஷ்டிக்குள் செத்தவனுக்கு மோட்சம், முருகன் தன் காலடிக்கு எடுத்துவிட்டார், தலையெழுத்தை ஆர் அழிக்கிறது. கதிரவேலர் உள்ளே வந்ததும் ஒப்பாரி நின்றது. சின்னாச்சி நிலத்தில் இருந்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"முதலாளி, ஒண்டே ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு அந்தாள் உங்களிட்டை வரேக்கை, உங்களுக்கு ஒண்டும் தெரியாதுதானே? முருகன் உங்களுக்கு ஒண்டும் காட்டேல்லைத்தானே?"

அவள் இல்லை என்ற சொல்லைத்தான் கேட்டாள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சொல்தான் வேண்டும். அதைச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவரும் சாமியாகவே இருந்திருப்பார்.

ஆறு நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "தெரியும் பிள்ளை" என்றார். "விடியத் தண்ணிக்குள்ளை நிக்கேக்கையே தெரியும்."

"அண்ணை, பட்டினிக் களைப்பிலை என்ன கதைக்கிறியள்?" என்று தம்பிஐயா அவர் கையைப் பிடித்தார்.

"நீ சும்மா இரு. மூக்குச் சொன்னது. வடிவாய்ச் சொன்னது."

சின்னாச்சி எழுந்து நின்றாள். "அப்ப ஏன் கையைத் தூக்கேல்லை?"

அவர் சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார்.

"ஆக்கள் பாத்துக்கொண்டிருந்தவை" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். மண்ணில் யாரோ சிந்திய பாக்குத் தூள் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொலைகாரன் என்ற கதை அன்று மத்தியானமே தொடங்கிவிட்டது. அதையும் என் கடை வாசலில்தான் அவித்தார்கள். நானும் விறகு போட்டேன்.

தை பிறந்து கடல் அடங்கியதும் 'சிவகாமி'க்குப் பழுது பார்த்துச் சுறா எண்ணெய் பூசினார்கள். அதன் தண்டையல் முருகேசு, பழைய வழக்கப்படி, "போகட்டோ முதலாளி?" என்று கேட்டு வந்தான். கதிரவேலர் ஒன்றரை மணித்தியாலம் தண்ணீரில் நின்றுவிட்டு வந்திருந்தார். கோயிலுக்குள் போகவில்லை.

"முருகேசு, கேட்டுக்கொள். இது முருகன் சொன்னதில்லை. என்ரை கண்ணும் மூக்கும் சொன்னது. இண்டைக்குப் போகலாமெண்டு நினைக்கிறன். பிழைச்சால் அது என்ரை பிழை. உனக்கு வேறை மாதிரித் தெரிஞ்சால் என்னோடை நிண்டு சண்டை பிடி. அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்."

இவ்வளவு நேர்மையாக ஒரு முதலாளி பேசி நான் கேட்டதில்லை. ஆனால் கப்பல்காரர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முருகேசு தலையைச் சொறிந்தான்.

"கோவிக்காதையுங்கோ முதலாளி. மனிசன்ரை சொல்லை நம்பி எப்பிடிக் கடலிலை இறங்கிறது?"

அந்த மாதம் முடியமுன் அவர்கள் வேறு முதலாளிகளிடம் போய்விட்டார்கள். வெளிச்சம் அவிந்து போச்சு என்று சிமியோனும் புகையிலையை வேறு கப்பலில் ஏற்றினார். 'சிவகாமி'யை விற்று அந்த எட்டு வீட்டுக்கும் கொடுத்தார்கள். தம்பிஐயா கொழும்பில் கடை வைக்கப் போனார். பத்மாவதி அம்மா புருஷனுக்குச் சமைத்துப் போட்டார், துணி தோய்த்துக் கொடுத்தார். கோயிலுக்கு மட்டும் அவரோடு போனதில்லை.

கதிரவேலர் விடியமுன் கரைக்கு வருவதை நிறுத்தவில்லை. முழங்கால் தண்ணீரில் நிற்பார், மூக்கைத் தூக்குவார். கடல் கூடாது என்று கண்டால், திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்து வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி அப்படியே நிற்பார். அவரிடம் கேட்க யாரும் இல்லை. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கிழவருக்கு விசர் என்றார்கள். அடுத்த வருடம் பங்குனியில் அப்படிச் சிரித்துவிட்டுப் போன ஒரு கப்பல் பாய்மரம் முறிந்து, இழுபட்டு வந்தது. அதற்குப் பிறகு தண்டையல்மார் கயிறு வாங்குகிற சாக்கில் என் கடைக்குள் நுழைந்து, வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். "கிழவர் கையைத் தூக்கினவரோ?" என்று மெதுவாகக் கேட்பார்கள். தூக்கியிருந்தால் நங்கூரம் எடுக்கமாட்டார்கள். அவருக்குக் கிட்டப்போய் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

சின்னாச்சி பனங்கட்டிக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கரையால்தான் சந்தைக்குப் போவாள். கை தூக்கியிருக்கிற நாட்களில் அவர் பக்கத்தில் நிற்பாள். சத்தம் போடமாட்டாள். சாமான் விலை விசாரிக்கிற குரலில் கேட்பாள்:

"அண்டைக்கு எங்கை முதலாளி வைச்சிருந்தியள், உந்தக் கையை?"

ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். கை உளைந்தாலும், அவள் போய் மறையும்வரை அவர் அதை இறக்குவதில்லை.

அவள் வருகிற நேரத்தில் நான் கடைக்கதவைச் சாத்திவிடுவேன். உள்ளே இருட்டில் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே நிற்பேன். அவள் இந்தப் பக்கம் திரும்பி, என்னிடமும் ஏதாவது கேட்டுவிடுவாள் என்று எனக்குப் பயம்.